தட்டாதெருச் சந்தி, துனிஸ்

"புதுசா பாஸ்போர்ட் கிடைச்ச யாழ்ப்பாணத்துக்காரர் முதல்ல எந்த ஊருக்குப் போவார்?"

உமாபதி இந்தக் கேள்வியைக் கேட்டபோது பிருந்தா இரண்டாவது கேக்கை முடிக்கும் முயற்சியில் இருந்தாள். ஹனோவர் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு காபிக் கடை. சனிக்கிழமை, மத்தியானம் ஒரு மணி.

"யாழ்ப்பாணத்துக்கு" என்றாள். "இதுக்கு டிடெக்டிவ் எதுக்கு பாஸ்? போஸ்ட்மேன் போதும்."

"அங்கே போகாம துனிஸுக்குப் போனா?"

"வெயிலுக்குப் போயிருப்பார். நவம்பர் மாசத்து ஹனோவரைப் பார்த்தா நான் சஹாராவுக்கு நடந்தே போவேன்."

உமாபதி தமிழ்நாட்டுப் போலீசில் பத்து வருடம் குப்பை கொட்டிவிட்டு, மனைவியின் வேலைக்காக மியூனிக்கில் குடியேறியவர். சும்மா இருக்கப் பிடிக்காமல் துப்பறியும் அலுவலகம் திறந்தார். ஜெர்மனியில் தமிழில் துப்பறிகிறவர்களில் தனக்கே முதலிடம் என்பார். போட்டிக்கு ஆளே இல்லாததால் கடைசி இடமும் அவருக்குத்தான் என்பாள் பிருந்தா. அவள் மியூனிக் பக்கத்துக் கார்ஹிங்கில் மேல்படிப்பு முடித்துவிட்டு, நல்ல வேலை கிடைக்கும்வரை என்று அவரிடம் சேர்ந்தவள். மூன்று வருடமாகிறது. நல்ல வேலை இன்னும் கிடைக்கவில்லை.

அது 2004. இலங்கையில் சண்டை நின்று மூன்றாவது வருடம். யாழ்ப்பாணத்துக்குச் சாலை திறந்துவிட்டார்கள். ஐரோப்பாவிலிருந்த தமிழர்கள் சாக்லேட்டும் சோப்புமாகப் பெட்டி கட்டி, பதினைந்து வருடமாகப் பார்க்காத அம்மாக்களைப் பார்க்கப் பறந்துகொண்டிருந்தார்கள். புதிதாக ஜெர்மன் பாஸ்போர்ட் கிடைத்த ஹனோவர் தம்பித்துரையும் பறந்தார். ஆனால் துனிஸுக்கு. வாழ்க்கையில் முதல் தடவையாக, கேமராவும் தொப்பியுமாக, ஒரு வாரச் சுற்றுலா.

போய்விட்டு வந்தவர் பழைய தம்பித்துரையாக இல்லை என்பதுதான் வழக்கு.

அதைச் சொல்ல அவருடைய மனைவி சந்திரகாந்தி எதிரே வந்து உட்கார்ந்தார். நாற்பது வயதிருக்கும். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"போன மாசம் போனவர் சேர். வந்த நாளிலையிருந்து ஒழுங்காச் சாப்பாடில்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்கை திடீரெண்டு எழும்பி, 'வாறன், வாறன்' எண்டு சொல்லிக்கொண்டு போய்க் கதவைத் திறக்கிறார். வெளியிலை ஒருத்தரும் இல்லை. மணியும் அடிக்கேல்லை. திறந்து வைச்சுக்கொண்டு அப்பிடியே நிக்கிறார். குளிர் முழுக்க உள்ளுக்கு வருது. நான் போய்த்தான் சாத்தவேண்டிக் கிடக்கு."

பிருந்தாவின் வாயில் ஏதோ நகைச்சுவை தயாராக இருந்தது. கேக்கோடு சேர்த்து விழுங்கினாள்.

"நீங்க ஏன் கூடப் போகலை?" என்றார் உமாபதி.

"கேட்டனான். 'உன்ரை குடியுரிமை விண்ணப்பம் இன்னும் முடியேல்லை, நான் மட்டும் போட்டு வாறன்' எண்டார். இப்ப திரும்பவும் ரிக்கெற் போட்டிருக்கிறார். வாற செவ்வாய்க்கிழமை. போறதுக்கு மட்டும்தான் சேர், வாறதுக்கு இல்லை. கடையையும் என்ரை பேருக்கு மாத்தி எழுதிப்போட்டார்." அவர் கைப்பையைத் திறந்தார். "அவற்றை கோட்டுப் பொக்கற்றுக்குள்ளை இது கிடந்தது."

நாலாக மடித்த சிறிய காகிதம். நடுங்கும் கையால் எழுதிய ஐந்து ஆங்கில எழுத்துகள்: ஏ, என், என், ஏ, ஐ. அதன் கீழே: சி, 14, 112.

"ஆனா எண்டு இஞ்சை பொம்பிளையளுக்குப் பேர் இருக்கு. இது அந்த நாட்டிலை எழுதிற மாதிரியாக்கும். கீழை இருக்கிறது அவளின்ரை வீட்டு இலக்கம்." சந்திரகாந்தி காகிதத்தை உமாபதி முன்னால் நகர்த்தினார். "பொம்பிளை எண்டால் பொம்பிளை எண்டு சொல்லுங்கோ சேர். தாங்குவன். தெரியாமல் இருக்கத்தான் ஏலாது. செவ்வாய்க்கிழமை போனால் அவர் திரும்பி வரமாட்டார்."

உமாபதி காகிதத்தைப் பிருந்தா பக்கம் தள்ளினார். அவள் ஒரு தடவை வாய்க்குள் படித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"பாஸ், இது அன்னை! அன்னைன்னா அம்மா. எங்க திருச்சியில பாதிக் கடைக்கு அன்னை ஸ்டோர்ஸ்னுதான் பேர். துனிஸ்ல ஏதோ மாதா கோயில் இருக்கு. இவர் ஏதோ வேண்டுதல் வெச்சிருக்கார்."

"துனிஸ்காரன் தன் ஊர் மாதாவுக்கு எதுக்குத் தமிழ்ல பேர் வைக்கணும்?"

"அதுவும் சரிதான்" என்று அடுத்த வாய் கேக்குக்குப் போனாள்.

"இன்னொண்ணு கவனி. நம்பர் இருக்கு, தெரு எங்கே? தெருப் பேர் இல்லாத விலாசம் எதுக்கு இருக்கும்?"

"ஹாஸ்பிட்டல், ஹாஸ்டல், ஜெயில்."

"இன்னொரு இடமும் இருக்கு" என்றார் உமாபதி. அது என்ன என்று சொல்லவில்லை. சந்திரகாந்தியைப் பார்த்து, "உங்க கடைக்குப் போகலாமா?" என்று கேட்டார்.

ஹனோவரின் லிண்டன் பகுதியில் இருந்தது அந்த மளிகைக் கடை. கீழே கடை, மேலே வீடு. உள்ளே கால் வைத்ததும் கருவாட்டு வாசனை மூக்கில் அறைந்தது. பிருந்தா கண்களை மூடி ஒரு முறை ஆழமாக இழுத்து, கார்ஹிங் விடுதியில் இந்த வாசனைக்காகப் போலீசைக் கூப்பிட்டிருப்பார்கள் என்றாள்.

தம்பித்துரை வெளியே போயிருந்தார். கடையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அம்புறோஸ். நாற்பதைத் தொடாத வயது, பன்னிரண்டு வருடமாக இதே கடையில் வேலை. வந்தவர்களைச் சந்தேகமாகப் பார்த்தவர், "இவை எங்கடை ஆக்கள்தான், சொல்லுங்கோ" என்று சந்திரகாந்தி சொன்ன பிறகே வாய் திறந்தார். திறந்தபின் மூடவில்லை.

துனிஸிலிருந்து திரும்பிய மறுநாள், தம்பித்துரை கடைக் கம்ப்யூட்டரில் படங்களைக் காட்டினாராம். அம்புறோஸ் அவற்றை மறுபடி ஓட விட்டார். வெள்ளைச் சுவர்கள். ஆணி அடித்துப் பூ வேலை செய்த நீலக் கதவுகள். சின்னக் கண்ணாடித் தம்ளரில் தேநீர், அதன் மேல் பைன் மரக் கொட்டைப் பருப்புகள் மிதந்தன. பெரிய சாலையின் நடுவே இரண்டு வரிசை மரங்கள், கிளை தெரியாத அளவுக்குக் குருவிகள். பொழுதுபடும் நேரத்தில் அவை போடும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது என்று தம்பித்துரை சொன்னாராம். அடுத்த படத்தில் ஒரு வயதான மனிதர், காதில் மல்லிகைச் செண்டு செருகிக்கொண்டு சிரித்தார்.

"ஆம்பளைங்க காதுல மல்லிகையா?" என்றாள் பிருந்தா. "பாஸ், நீங்க ட்ரை பண்ணலாம்."

உமாபதிக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்து ஒரு சந்து. அதற்கும் அடுத்த படத்தில் அழகாக ஒன்றும் இல்லை. சாயம் உரிந்த பழுப்பு நிறக் கதவு ஒன்று. அடுத்ததும் அதே கதவு. அதற்கடுத்ததும். மொத்தம் பதினோரு படங்கள். கடல் ஒரு படம், குருவிகள் ஒரு படம், கதவு மட்டும் பதினொன்று. சிலவற்றில் கேமரா ஆடியிருந்தது.

"இந்தக் கதவைப் பற்றி என்ன சொன்னார்?"

"ஒண்டும் சொல்லேல்லை. இதுக்கு முதல் படத்துக்குத்தான் சொன்னார்." அம்புறோஸ் ஒரு படம் பின்னால் போனார். குறுகலான சந்து, இரண்டு பக்கமும் நகைக் கடைகள், அரபு எழுத்தில் பலகைகள். "'இது தட்டாதெருச் சந்தி, இதாலை திரும்பினால் வீடு' எண்டார். எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. 'இஞ்சை பாருங்கோ, தட்டாதெரு யாழ்ப்பாணத்திலை எல்லோ இருக்கு' எண்டன். மனிசன் உடனை கொம்பியூட்டரை நிப்பாட்டிப்போட்டு எழும்பிப் போட்டுது."

"கேஸ் முடிஞ்சுது" என்று பிருந்தா கையைத் தட்டினாள். "அவர் துனிஸ்ல ரெண்டு நாள் இருந்துட்டு ரகசியமா யாழ்ப்பாணம் போயிருக்கார். தெருவைக் குழப்பிக்கிட்டார்."

"யாழ்ப்பாணத்துல அரபுப் பலகை வெச்சு நகை விக்கறாங்களா?"

"இல்லை. கேஸைத் திறந்துக்கலாம்."

உமாபதி ஒரு அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்தார். யோசிக்க அவருக்கு எப்போதும் ஏதாவது ஒன்றின் மேல் உட்கார வேண்டும்.

"முதல் தடவை ஒரு ஊருக்குப் போறவன் கையில மேப் இருக்கும். தெருப் பேரை மேப்ல பார்ப்பான், இல்லைன்னா நாலு பேர்கிட்ட வழி கேட்பான். திரும்பி வந்து, 'அந்த நகைக்கடைச் சந்து'ன்னு சொல்லுவான். அந்நிய ஊர்ச் சந்துக்குத் தன் ஊர்த் தெருப் பேரை யார் வைப்பாங்க?"

பிருந்தா இப்போது விளையாடவில்லை. "வழி கேட்க முடியாதவங்க" என்றாள் மெல்ல. "போர்டைப் படிக்கத் தெரியாதவங்க. மேப்பைக் கையில வெச்சுக்கிட்டு வெளிய நடமாட முடியாதவங்க."

"அதுவும் ஒருத்தன் தனக்குத்தானே பேர் வைக்க மாட்டான். கூட இருக்கற இன்னொருத்தனுக்குச் சொல்லத்தான் வைப்பான். 'தட்டாதெருவால போய் ரொட்டி வாங்கிட்டு வா'ன்னு. நகை செய்யறவங்க தெரு, அதனால தட்டாதெரு." உமாபதி சந்திரகாந்தியைப் பார்த்தார். "உங்க வீட்டுக்காரர் துனிஸுக்குப் போனது முதல் தடவை இல்லைம்மா."

சந்திரகாந்தி கல்லாப் பெட்டியைப் பிடித்துக்கொண்டார். "ஜெர்மனிக்கு அவர் மொஸ்கோவாலை வந்ததெண்டுதானே எனக்குச் சொன்னவர்."

"இருக்கட்டும்." உமாபதி அம்புறோஸ் பக்கம் திரும்பினார். "பன்னிரண்டு வருஷம் கூடவே வேலை செய்யறீங்க. அவர் உங்களைவிட மூத்தவர். ஆனா நீங்க அவரை 'இஞ்சை பாருங்கோ'ன்னு கூப்பிட்டதாச் சொன்னீங்க. உங்க ஊர்ல மூத்தவங்களை அப்படியா கூப்பிடுவீங்க?"

அம்புறோஸுக்கு முகம் சிவந்தது. "வேறை என்ன செய்யிறது? அந்தப் பயணம் போட்டு வந்த அண்டைக்கே என்னிலை பாய்ஞ்சு விழுந்தார். இனிமேல் அப்பிடிக் கூப்பிடாதை, பேரைச் சொல்லிக் கூப்பிடு எண்டார். வயசுக்கு மூத்த மனிசனைப் பேர் சொல்ல எனக்கு வாய் வருமோ? கடைக்கு வாற பொடியளும் அப்பிடித்தான் கூப்பிடிறவை. ஒருத்தனைக் கடையை விட்டே துரத்திப்போட்டார்."

"ஜெர்மன் குடியுரிமை தலைக்கேறிடுச்சு. இனிமே ஹெர் தம்பித்துரைன்னு கூப்பிடணுமாக்கும்" என்றாள் பிருந்தா, பழைய பழக்கத்தில்.

"எப்படிக் கூப்பிடக்கூடாதுன்னார்?" உமாபதி அரிசி மூட்டையிலிருந்து எழுந்துவிட்டார். "அந்த வார்த்தையைச் சொல்லுங்க."

அம்புறோஸ் வாசலை ஒரு தரம் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அண்ணை."

உமாபதி அந்தக் காகிதத்தைக் கல்லாவின் மேல் விரித்து வைத்தார். ஏ, என், என், ஏ, ஐ.

"நீ திருச்சிக்காரி, உனக்கு அன்னைன்னு கேட்டுச்சு" என்றார் பிருந்தாவிடம். "நம்ம ஊர்ல அண்ணன், அண்ணா. இவங்க ஊர்ல அண்ணை. இப்பப் படி."

பிருந்தா படித்தாள்.

"இவங்க வீட்டுக்காரர் எழுதியிருந்தா தமிழ்ல எழுதியிருப்பார், இது துனிஸ்காரர் யாரோ எழுதினது. ஒரு துனிஸ்காரருக்கு இந்த வார்த்தை எப்படித் தெரியும்? யாரோ சொல்லிக் கேட்டிருக்காங்க. திரும்பத் திரும்பக் கேட்டிருக்காங்க." உமாபதி சந்திரகாந்தியிடம் திரும்பினார். கேட்க அவருக்கே பிடிக்கவில்லை. "உங்க வீட்டுக்காரருக்குத் தம்பி யாராவது உண்டாம்மா?"

"ஒருத்தர். ராசன்." சந்திரகாந்தியின் கண்கள் காகிதத்தை விட்டு நகரவில்லை. "ரெண்டு பேரும் ஒண்டா வெளிக்கிட்டவை. வாற வழியிலை ராசன் களவாய் ஆள் ஏத்திற வேறை ஏஜென்சிக்காரரோடை கப்பலேறிக் கனடாப் பக்கம் போட்டார், பிறகு ஒரு தகவலும் இல்லை எண்டுதான் இவர் எல்லாருக்கும் சொன்னவர்."

"அப்ப கீழை இருக்கிற இலக்கம்?" என்றார் அம்புறோஸ்.

"பகுதி சி, பதினாலாவது வரிசை, நூற்றுப் பன்னிரண்டு" என்றார் உமாபதி. "கல்லறைத் தோட்டத்துல தெருப் பேர் கிடையாது."

பின்பக்கம் மாடிப்படி மரம் கிறீச்சிட்டது. எல்லோரும் திரும்பினார்கள். ஐம்பதை நெருங்கும் ஒரு மனிதர், மெலிந்து, கம்பளிச் சட்டைக்குள் தொலைந்துபோனவராக, படியின் பாதியில் நின்றார். பின்வாசல் வழியாக எப்போது வந்தாரோ தெரியவில்லை. கல்லாவின் மேல் இருந்த காகிதத்தைப் பார்த்ததும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

யாரும் கேட்பதற்கு முன்பே அவர் பேசத் தொடங்கினார்.

"எண்பத்தொன்பதிலை நாலு மாசம் துனிஸிலை அந்தக் கதவுக்கு உள்ளாலை இருந்த அறையிலை கிடந்தம்" என்றார் தம்பித்துரை. "ரெண்டு பேருக்கும் ஒரு பாய். ரொட்டி வாங்கத்தான் மாறி மாறி வெளியிலை போறது. அவனுக்குக் காய்ச்சல் வந்தது. ஏஜென்சிக்காரன் வந்து சொன்னான், காய்ச்சல்காரனைக் கப்பலிலை ஏத்த ஏலாது, வாறதெண்டால் நீ மட்டும் இப்பவே வா, இல்லாட்டி ரெண்டு பேரும் இஞ்சையே கிடவுங்கோ எண்டு. கீழை அவன்ரை வாகனம் நிக்குது. நான் ராசனிட்டை 'மருந்து வாங்கிக்கொண்டு வாறன்' எண்டு சொல்லிப்போட்டு இறங்கினனான்."

அம்புறோஸ் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

"எங்கடை சனம் வெளிக்கிடேக்கை போறன் எண்டு சொல்லாதுதானே. எங்கை போனாலும் வாறன் எண்டுதான் சொல்லும். நானும் அப்பிடித்தான் சொன்னன். அவன் அதை நம்பிக்கொண்டு கிடந்திருக்கிறான். இப்ப போய் அந்தக் கதவைத் தட்டினன். அந்த வீட்டுச் சொந்தக்காரி உயிரோடைதான் இருக்கிறா. என்னை அடையாளம் பிடிச்சிட்டா. விரலாலை எண்ணிக் காட்டினா. ஒன்பது நாள். ஒன்பது நாளும் கதவைப் பாத்துக்கொண்டு ஒரே ஒரு சொல்லுத்தானாம் சொன்னவன். அதுதான் அவன்ரை பேர் எண்டு நினைச்சு, அந்தப் பேரையே எழுதிக் குடுத்து அடக்கம் செய்திருக்கினம்."

பிருந்தாவுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பருப்பு டின்கள் அடுக்கியிருந்த பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்தாள்.

சந்திரகாந்தி படியருகே போனார். "செவ்வாய்க்கிழமை அங்கை போய் என்ன செய்யப் போறியள்?"

"அந்த அறை சும்மாதான் கிடக்கு. அதிலை இருக்கப் போறன்."

"இருந்து?"

தம்பித்துரை கல்லாவின் மேலிருந்த காகிதத்தைப் பார்த்தார். அவர் திரும்பி வருவதாக இல்லை என்பது அந்தக் கடையில் நின்ற எல்லோருக்கும் புரிந்தது. ஆறுதலாக ஏதாவது சொல்லத்தான் உமாபதி வாயெடுத்தார். ஆனால் சந்திரகாந்திக்கு வந்தது ஆறுதல் அல்ல, கோபம்.

"ஒவ்வொரு சனிக்கிழமையும் உங்கடை அம்மா போனிலை கேக்கேக்கை என்ன சொன்னனீங்கள்? ராசனைப் பற்றி விசாரிக்கிறன் எண்டு சொன்னனீங்கள். பதினைஞ்சு வருசமா அந்த மனிசி அதை நம்பிக்கொண்டு இருக்குது. நீங்கள் ராசனிட்டைப் போறதெண்டால் போங்கோ, நான் மறிக்கேல்லை. ஆனா போக முதல் உயிரோடை இருக்கிறவவுக்கு உண்மையைச் சொல்லிப்போட்டுப் போங்கோ. இண்டைக்குச் சனிக்கிழமை. அங்கை இப்ப விளக்கு வைச்சிருப்பினம். மாமி போனடியிலைதான் இருப்பா."

கல்லாவின் மேலிருந்த கம்பியில்லாத் தொலைபேசியை எடுத்து அவரே எண்களை அழுத்தினார். நீண்ட எண். ஒரு தடவை தவறி, மறுபடி அழுத்தினார். மணி போகத் தொடங்கியதும் கணவரின் காதில் வைத்தார்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குரல் கடை முழுக்கக் கேட்டது. தூரத்துக்குப் பேசுவதால் உரக்கப் பேச வேண்டும் என்று நினைப்பவர்களின் குரல்.

"ஆர், துரையோ? சாப்பிட்டியோ?"

"அம்மா." தம்பித்துரை கண்ணை மூடிக்கொண்டார். "ராசன் இருக்கிற இடம் தெரிஞ்சிட்டுது."

அந்தக் கிழக்குரல் இளகி, பாய்ந்து வந்தது. "என்ரை முருகா! எங்கை நிக்கிறான்? மெலிஞ்சு போனானோ? அவனுக்குச் சின்னனிலையே நெஞ்சுச்சளி எல்லோ. காய்ச்சல் ஒண்டும் இல்லைத்தானே?"

"அம்மா, நான் அவனைத் தனிய விட்டிட்டு வந்திட்டன்."

"அதுக்கென்ன மோனை? இப்ப இடம் தெரியும்தானே. திரும்பிப் போய் அவனைக் கூட்டிக்கொண்டு வா."

தம்பித்துரையின் கையிலிருந்து தொலைபேசி கீழே விழுமுன் சந்திரகாந்தி பிடித்துக்கொண்டு, படியில் அவரை ஒட்டி உட்கார்ந்தார்.

"மாமி, நான் காந்தி கதைக்கிறன். பக்கத்திலை ஆரும் நிக்கினமோ? அவையை உள்ளுக்குக் கூப்பிடுங்கோ. கூப்பிட்டுப்போட்டு, நீங்கள் கதிரையிலை இருங்கோ."

மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. யாரோ ஒரு பெண், என்ன மாமி, என்ன என்று கேட்டுக்கொண்டே ஓடி வந்தாள்.

சந்திரகாந்தி தொலைபேசியைக் கணவரின் காதில் மறுபடி வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

"இப்ப சொல்லுங்கோ. நான் இஞ்சைதான் இருக்கிறன்."

தம்பித்துரை சொன்னார்.